விரலில் தசை இல்லை

தீபாவளிக்கு முந்தைய வாரம், தி.நகர் பனகல் பூங்கா அருகே நடைபாதை. மருதாணி போடும் பெண் ஒருவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே கையை நீட்டியபடி ஒரு கல்லூரி மாணவி. துணிக்கடைக்குள் போன என் வீட்டார் வெளியே வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். நின்று வேடிக்கை பார்த்தேன். கோனின் பருத்த பக்கத்தைக் கட்டைவிரல் மேலிருந்து அழுத்துகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீழிருந்து தாங்குகின்றன. சுண்டுவிரல் மாணவியின் உள்ளங்கையில் ஊன்றி நிற்கிறது. ஒரு மயிலும் இரண்டு மாங்காய்களும் முடியும்வரை அந்தப் பிடி தளரவே இல்லை. மாணவி எழுந்ததும் கோனைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையை உதறுவதுபோல வலது கையை மூன்று முறை உதறினார். அதற்குள் அடுத்த ஆள் உட்கார்ந்தாயிற்று.

“கை வலிக்குதாம்மா?” என்றேன்.

“நரம்பு இழுக்குது அண்ணா. ராத்திரி ஆனா கட்டைவிரலை மடக்கவே முடியாது.”

அந்த உதறல் எனக்கு நன்றாகத் தெரியும். பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைப்பவன் நான். மயிலாப்பூரில் என் மேஜை முன்னால், தீபாவளி மலர், பொங்கல் மலர் வேலை குவியும் நாட்களில் நானும் இப்படித்தான் உதறிக்கொண்டிருப்பேன். நான்கு வருடங்களுக்கு முன்பு உதறியும் தீராமல் போனது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. என் கைக்குள் என்னதான் இருக்கிறது என்று அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் இந்த ‘நரம்பு’. பேச்சுத் தமிழில் அது மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே பெயர். மூளைக்கும் உடலுக்கும் இடையே சேதி கொண்டுபோவதும் நரம்பு, புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாயும் நரம்பு, தசையை எலும்போடு கட்டும் நாணும் நரம்பு. பழந்தமிழில் யாழின் தந்திக்கும் அதுதான் பெயர். ஓவியர்களின் கையில் பெரும்பாலும் நோவது இந்த யாழ் நரம்பு வகைதான். தசைநாண் என்கிறது மருத்துவத் தமிழ். டாக்டரிடம் போய் “நரம்பு வலி” என்று மட்டும் சொன்னால் அவர் வேறு ஒன்றைத் தேடப் போய்விடக்கூடும். எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்று சொல்வதுதான் உதவும்.

தசைநாண் ஏன் இவ்வளவு பாடுபடுகிறது? விரலை அசைக்கும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை என்பதுதான் காரணம். விரல்களை மடக்குகிற, நீட்டுகிற பெரிய தசைகளெல்லாம் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. இடது கையால் வலது முன்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல அசைத்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் எலி ஓடுவதுபோல இருக்கும். நூல்பாவைக்கூத்தில் ஆட்டுகிறவர் மேலே நின்றுகொள்ள, பொம்மை கீழே ஆடுகிறதே, அந்த ஏற்பாடுதான் இது. கட்டைவிரலின் அடிச் சதைமேடும் உள்ளங்கை எலும்புகளுக்கு இடையே இருக்கும் சிறு தசைகளும் உள்ளூர் ஆட்கள். நுணுக்கமான வேலை அவற்றுடையது, பளு முன்கையுடையது.

முன்கையிலிருந்து வரும் 9 நாண்களும் ஒரு நரம்பும் (இது நிஜ நரம்பு) மணிக்கட்டில் ஒரு குறுகிய குகை வழியாகக் கைக்குள் நுழைகின்றன. குகையின் மூன்று பக்கம் எலும்பு, ஒரு பக்கம் விரியாத பட்டை. நாண்களின் உறை கொஞ்சம் தடித்தாலும், சனிக்கிழமை சாயங்காலம் ரங்கநாதன் தெருவில் மாட்டிக்கொண்ட ஆளின் கதிதான் அந்த நரம்புக்கு.

கட்டைவிரலின் கணக்கு இதைவிட மோசம். பென்சிலைக் கிள்ளிப் பிடிக்கும்போது நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்தால், கட்டைவிரலின் அடிமூட்டில் அது ஏறத்தாழ 12 கிலோவாக இறங்குகிறது. நெம்புகோல் செய்கிற வேலை இது. 1977-இல் கூனி, சாவோ என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னது. நாள் முழுக்கக் கோனை அழுத்துகிற பெண்ணின் கட்டைவிரல் மூட்டை இந்தக் கணக்கோடு யோசித்துப் பாருங்கள்.

சரி, பென்சிலை ஏன் அவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம்? அதன் எடை சில கிராம்தானே? சுவீடனில் யோஹான்சன், வெஸ்ட்லிங் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. ஒரு பொருளைப் பிடிக்கும்போது விரல்நுனித் தோல் அது வழுக்குகிறதா என்று ஓயாமல் மூளைக்குச் சேதி அனுப்புகிறது. வழுக்காமல் இருக்கத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் மூளை பிடியை இறுக்குகிறது. விரல்நுனியை மரத்துப்போகச் செய்தால் இந்தச் சிக்கனம் போய்விடுகிறது. பிடி தேவைக்கு மேல் இறுகுகிறது. பொருள் வழவழப்பாக இருந்தாலும் பிடி கூடும். மே மாதச் சென்னையில் வேர்த்த விரல்களோடு வழவழப்பான டேப்லெட் பேனாவைப் பிடித்து, கண்ணாடித் திரைமேல் வரைகிற பையன்கள் ஏன் சீக்கிரம் சோர்கிறார்கள் என்பதற்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. பேனாவும் வழுக்குகிறது, திரையும் வழுக்குகிறது. மூளை பயந்து இறுக்குகிறது.

விரல்நுனி உணர்வின் அருமையை வேலூரில் வேறொரு வழியாக ஒருவர் கற்றார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்குக் கட்டினார். பொம்மலாட்டத்தில் நூலை மாற்றிக் கட்டுவதுபோலத்தான். அந்த நோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டுக் காயம்பட்டுத் தேய்கின்றன என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் அவர் பங்கு பெரிது. வலியை ஒரு கொடை என்றே அவர் பின்னாளில் எழுதினார். எனக்கு வலிக்கிற ராத்திரிகளில் அந்தக் கொடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றுவதுண்டு. ஆனால் அவர் சொன்னது உண்மை.

இனி, மருதாணிப் பெண் சொன்ன அந்த இழுப்பு. ஒரு தசை சுருங்கியபடியே நின்றால், அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. ஓடுகிறவரின் கால் தசை சுருங்கிச் சுருங்கி விரிகிறது. பென்சில் பிடிப்பவரின் தசைக்கு அந்த விரிதல் கிடையாது. லேசான வேலைதானே என்ற சமாதானமும் செல்லாது. லேசான வேலைக்கு மூளை எப்போதும் அதே சின்னஞ்சிறு தசை இழைகளைத்தான் முதலில் கூப்பிடும். வேலை முழுவதும் நிற்கும்வரை அவற்றை அனுப்பாது. பெரிய இழைகள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். 1990-களின் தொடக்கத்தில் ஹேக் என்ற சுவீடன் ஆய்வாளர் இந்த இழைகளுக்கு சிண்ட்ரெல்லா என்று பெயர் வைத்தார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் அம்மாவைத் தெரியும். கையை உதறும்போது அந்த அம்மா ஒரு நிமிடம் உட்காருகிறாள், அவ்வளவுதான்.

தசை ஒரு ராத்திரித் தூக்கத்தில் தேறிவிடும். தசைநாண் அப்படியல்ல. ரத்த ஓட்டம் குறைந்த பகுதி அது. குதிகால் நாணை ஆராய்ந்த டென்மார்க் விஞ்ஞானிகள், 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுப்போன கதிரியக்கக் கார்பனை வைத்து அதன் வயதைப் பார்த்தார்கள். நாணின் மையப்பகுதி சுமார் 17 வயதுக்குப் பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013-இல் எழுதினார்கள். கையில் இருக்கும் நாண்களும் நெருங்கிய உறவினர்கள்தான். அதனால்தான் சீசன் ஆபத்தானது. வருடம் முழுக்க நாளுக்கு மூன்று மணி நேரம் வரைந்துவிட்டு, மலர் வேலைக்காகத் திடீரென்று பன்னிரண்டு மணி நேரத்துக்குத் தாவினால் தசை எப்படியோ சமாளிக்கும், நாண் சமாளிக்காது. மார்கழியில் ஒரே வாரத்தில் ஐந்து கச்சேரி வாசிக்கும் மிருதங்கக்காரர்களுக்கும் இதே கதை.

எந்த வலி எதைச் சொல்கிறது? கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீர் என்றால், அது 1895-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் டி கெர்வேன் விவரித்த நாணுறைத் தடிப்பாக இருக்கலாம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்கும் வருவது இதுதான். எனக்கு வந்ததும் இதுதான், குழந்தை இல்லாமலே. விரல் மடங்கி மாட்டிக்கொண்டு, பிறகு டக்கென்று சொடுக்குப் போட்டு விரிந்தால் அது உள்ளங்கையில் நாண் நுழையும் வளையத்தில் இருக்கும் சிக்கல். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, ராத்திரியில் தூக்கத்தைக் கலைத்தால் அது மணிக்கட்டுக் குகை நரம்பு. சுண்டுவிரல் மரத்தால் சிக்கல் மணிக்கட்டில் இல்லாமல் முழங்கையில் இருக்கலாம். மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி மணிக்கணக்கில் வரைகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடைபாதையில் நின்றுகொண்டு அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை.

இன்னொன்றையும் நம் ஊரில் கேட்டே ஆகவேண்டும்: சர்க்கரை பார்த்தீர்களா? விரல் மாட்டிக்கொள்வதும் மணிக்கட்டு நரம்பு நசுங்குவதும் நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வு, வயதுவந்த இந்தியர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றது. ஓவியம்தான் காரணம் என்று பேனா பேனாவாக மாற்றிக்கொண்டிருந்த ஒரு நண்பருக்கு, ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் காரணம் பிடிபட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் கையில் இருக்கும் நோய். கையில் தெரிந்தாலும் மூளையில் இருக்கும் நோய் ஒன்று உண்டு. பேனாவை எடுத்தால் மட்டும் விரல்கள் தாமாக முறுக்கிக்கொள்ளும். சாப்பிடவோ சட்டைப் பொத்தான் போடவோ எந்தத் தடையும் இருக்காது. பெரும்பாலும் வலியும் இருக்காது. எழுத்தர் இழுப்பு என்று சொல்லலாம். நீண்ட காலம் இதை மனக்கோளாறு என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். 1982-இல் ஷீஹி, மார்ஸ்டன் இருவரும்தான் இது மூளையின் இயக்கக் கட்டுப்பாட்டுக் கோளாறு என்று அழுத்தமாக வாதிட்டார்கள். 1996-இல் நான்சி பில் குழு, குரங்குகளை ஒரே பிடியைத் திரும்பத் திரும்பப் பிடிக்கவைத்து அவற்றின் மூளையைப் பார்த்தது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய இடங்கள் ஒன்றோடொன்று கலங்கிப்போயிருந்தன. ஈரத் தாளில் மை பரவியதுபோல.

தொழில் நோய்களைப் பற்றி முதலில் முழுநூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமாசினி, 1713-இல் விரிவாக்கிய பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்தார். ஓயாத உட்கார்வு, ஒரே திசையில் ஓயாத கை அசைவு, பிழை வந்துவிடுமோ என்ற மன இறுக்கம் என்று மூன்று காரணம் சொன்னார். முந்நூறு வருடத்தில் இந்தப் பட்டியலில் பெரிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தருக்கு வலது கை மெல்ல மெல்லச் செயலிழந்தது. எந்த மருந்தும் கேட்கவில்லை. அவர் இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச காலத்தில் அந்தக் கையையும் அதே நோய் பிடித்துக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஓவியர் கோபுலுதான் நினைவுக்கு வந்தார். 1924-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். ‘தில்லானா மோகனாம்பாள்’ கதைக்காகச் சிவாஜியும் பத்மினியும் திரையில் வருவதற்கு முன்பே, ஆனந்த விகடனில் சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் முகம் கொடுத்தவர். பிற்காலத்தில் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை செயலிழந்தது. அவரும் இடது கைக்கு மாறினார். கோடு அவரைக் கைவிடவில்லை, வரைந்துகொண்டே இருந்தார். 2015-இல் சென்னையில் மறைந்தார்.

ஒருவருக்கு இடது கை கைகொடுத்தது, இன்னொருவரைக் கைவிட்டது. ஏன்? பக்கவாதத்தில் மூளையிலிருந்து வலது கைக்குப் போகும் பாதை அடைபட்டிருக்கும், ஆனால் கோட்டின் வடிவம் பற்றிய அறிவு வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். அந்த எழுத்தர் இடது கைக்குக் கொண்டுபோனதோ பழைய பிடியையும் பழைய அவசரத்தையும். இது என் வாசிப்பு. 300 வருடத்துக்கு முந்தைய நோயாளியைப் பரிசோதிக்க யாராலும் முடியாது.

ஆனால் கோட்டின் வடிவம் விரலில் இல்லை என்பதற்குச் சான்று உண்டு. ரஷ்ய உடலியல் அறிஞர் பெர்ன்ஸ்டைன் கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே காட்டினார்: காகிதத்தில் விரலால் எழுதினாலும், கரும்பலகையில் தோளால் எழுதினாலும், காலால் எழுதினாலும் ஒருவரின் கையெழுத்துச் சாயல் மாறாமல் வருகிறது. ஆகவே கோட்டைத் தோளிடம் ஒப்படைக்கலாம். படம் கெடாது.

ஜனவரியில் மயிலாப்பூர் விழா நடக்கும்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டியைப் போய்ப் பாருங்கள். கைகளை மட்டும் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை இழைய விடுவதோடு சரி. மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருக்கும். சிக்குக்கோலத்தின் வளைவு தோளிலிருந்து வரும். வளைவு பெரிதானால் காலும் நகரும். என் அம்மா அறுபது வருடமாகக் கோலம் போடுகிறார். முழங்கால் வலி உண்டு, இடுப்பு வலி உண்டு, கை வலி கிடையாது. அந்தக் கால அண்ணா சாலை சினிமா பேனர்களை வரைந்தவர்களும் தோளால்தான் இழுத்தார்கள். அவர்களுக்குத் தோள்பட்டை வலி வந்திருக்கும். உடம்பில் இலவசம் எதுவும் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிய தாளுக்கு மாறினேன். பலகையைச் சாய்த்துவைத்தேன். நீண்ட கோடுகள் தோளிலிருந்து, முகமும் விரல்களும் மட்டும் மணிக்கட்டிலிருந்து. பேனாவின் மேல் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கினேன். பார்க்க அசிங்கம், பிடிக்க சுகம். டேப்லெட்டில் அழுத்த அமைப்பை மாற்றி, லேசாகத் தொட்டாலே கறுப்பு வரும்படி வைத்துக்கொண்டேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பேனாவைக் கீழே போட்டுவிட வேண்டும், அரை நிமிடம் போதும். முதல் ஆறு வாரம் கட்டைவிரலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள். ஓர் ஊசியும் போட்டுக்கொண்டேன். பிறகு இயன்முறை மருத்துவர் சொன்னபடி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாகத் தாழ்த்தும் பயிற்சி. முழு ஓய்வு நாணைத் தேற்றுவதில்லை, பலவீனப்படுத்துகிறது. அளந்த பளுதான் மருந்து. எனக்கு மூன்று மாதம் ஆனது.

தைலம்? மயிலாப்பூர்க்காரனாக இருந்துகொண்டு அமிர்தாஞ்சனைக் குறை சொன்னால் லஸ் பக்கம் நடமாட முடியாது. 1893-இல் நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கி, பின்பு சென்னைக்குக் கொண்டுவந்த நிறுவனம் லஸ் சர்ச் சாலையில்தான் இருக்கிறது. பக்கத்துப் பூங்கா அவர் பெயரில். வலித்தைலங்களில் இருக்கும் மென்தால், குளிரை உணரும் நரம்புமுனைகளின் கதவைத் திறந்துவிடுகிறது. தோல் குளிரவில்லை, குளிர்ந்ததாக மூளை நம்புகிறது. இந்தக் கதவை அடையாளம் கண்டவர்களில் இருவரான ஜூலியஸும் படபூட்டியனும்தான் வெப்பம், தொடுதல் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 2021-இல் நோபல் பெற்றார்கள். குளிரும் தேய்ப்பும் மேலே போகும்போது வலியின் சேதி கொஞ்சம் பின்தங்குகிறது. ஆறுதல் நிஜம். நாணுறைத் தடிப்பை அது தொடுவதில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு இன்னும் மூன்று மணி நேரம் வரைவதுதான் ஆபத்து.

மருதாணிப் பெண்ணிடம் கோனைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன், நடுநடுவே கையை மாற்றி அழுத்தச் சொன்னேன். “சீசன் முடியட்டும் அண்ணா” என்றார். நானும் பத்திரிகை ஆசிரியர்களிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வரைகிறவரோ, தைக்கிறவரோ, கோன் பிடிக்கிறவரோ, நடு ராத்திரியில் விரல் மரத்து எழுந்து கையை உதறுகிறீர்கள் என்றால் சீசன் முடியக் காத்திருக்காதீர்கள். நசுங்கிய நரம்புக்கு ஆரம்பத்தில் ராத்திரி மட்டும் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலருக்குப் போதும். கட்டைவிரலின் அடிச் சதைமேடு வற்ற ஆரம்பித்த பிறகு போனால் அறுவை செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், 1970-களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த, கைக்கென்றே தனியான துறை இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து கொஞ்சம் தூரம்தான். போய்க் காட்டுங்கள்.